போஸ் என்ற பெயரும் பிரசிடென்சி கல்லூரியின் வாசலும்



1954-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை முதன்முதலாக வழங்கியது. பெற்றவர்கள் ஆறு பேர். சாகிர் உசேன், பி. ஜி. கேர், வி. கே. கிருஷ்ண மேனன், பூட்டான் அரசர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் ஆகியோர் நால்வர். மீதமுள்ள இருவர் பெயரும் போஸ் என்று முடிகிறது. ஒருவர் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ். மற்றவர் ஓவியர் நந்தலால் போஸ். இவர்கள் அண்ணன் தம்பியர் அல்லர், பங்காளிகளும் அல்லர். சத்யேந்திரநாத் கல்கத்தாவில் ரயில்வே கணக்கரின் மகனாகப் பிறந்தவர். நந்தலால் பீகாரில் கரக்பூரில் பிறந்தவர். இத்தனை பெரிய நாட்டில், முதல் வரிசையில் நின்ற ஆறு பேரில் இருவருக்கு ஒரே குடும்பப்பெயர் எப்படி அமைந்தது? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போஸ் என்றதும் நமக்கு நேதாஜி நினைவுக்கு வருகிறார். அது இயல்பு. ஆனால் அந்தப் பெயரில் எத்தனை பேர் எத்தனை துறைகளில் நின்றார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தாவரத்தின் துடிப்பை அளந்தவர் ஒரு போஸ். பதினெட்டு வயதில் தூக்குமேடை ஏறிய குதிராம் ஒரு போஸ். பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகளும், வங்க மொழிக்கு ஓர் அகராதியும் எழுதிய வேதியியலாளர் ராஜசேகர் பாசு. நவீன வங்கக் கவிதையை வளர்த்த புத்ததேவ போஸ். மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2000 வரை முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு. பாசுவும் போஸும் வேறு வேறு அல்ல. வங்க எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் போஸ் ஆனார்கள், சிலர் பாசு ஆனார்கள்.

இப்படி ஒரு பட்டியலைப் பார்த்ததும் "அது ரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். பரம்பரை, குலப்பெருமை என்று பேச்சு போகிறது. நான் அதை முழுமனதாக மறுக்கிறேன். இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று கட்டியது ரத்தம் அல்ல. ஒரு கல்லூரியின் வாசல். யாருக்கு அது திறந்திருந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதைத்தான் இந்தப் பட்டியல் நமக்குச் சொல்கிறது.

வங்காளத்தில் போஸ், கோஷ், மித்ரா ஆகியவை காயஸ்தர்களில் உயர்ந்த குலத்தவராகக் கருதப்பட்டோரின் பெயர்கள். எழுத்தும் கணக்கும் அவர்களுடைய தொழில். நவாபுகள் காலத்தில் பாரசீகம் கற்று அரசு வேலை பார்த்தவர்கள், கம்பெனி ஆட்சி வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1817-இல் கல்கத்தாவில் இந்துக் கல்லூரி தொடங்கியபோது அது மதிப்புமிக்க இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக என்றே தொடங்கப்பட்டது. அந்த மதிப்புமிக்க குடும்பங்கள் எவை என்பதை ஊர் அறியும். 1855-இல் அதுவே பிரசிடென்சி கல்லூரி ஆனது. எல்லாச் சமூகத்தவரும் சேரலாம் என்றானது. விதி மாறியது. ஆனால் முன்பே உள்ளே போனவர்களுக்கு இரண்டு தலைமுறை முன்னேற்றம் கிடைத்திருந்தது.

அந்தக் கல்லூரிக்கு 1885-இல் இயற்பியல் கற்பிக்க வந்தார் ஜகதீஷ் சந்திர போஸ். கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும் வசதி இருந்தும், முதலில் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே உழவர் பிள்ளைகளும் மீனவர் பிள்ளைகளும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். கல்லூரியில் வேலை கிடைத்தபோது ஜகதீஷுக்கு ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அவர் வேலையை விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். வீட்டில் கடன் இருந்தது. இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்து, பின்தேதியிட்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்தது. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய அறிவியலைவிட அந்த மூன்று ஆண்டுகள் பெரிதாகத் தெரிகின்றன.

அறிவியலும் சிறிதல்ல. 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையைச் சுவரைக் கடந்து அனுப்பி, தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்து காட்டினார். மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளை உண்டாக்கிக் காட்டியவர் அவர். காலீனா படிகத்தைக் கொண்டு அவர் செய்த அலை உணர்விக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அறிவைக் காசாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. பிறகு தாவரங்களிடம் திரும்பினார். செடியின் வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். 1917 நவம்பர் 30, தம் பிறந்தநாளில், போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்.

ஜகதீஷின் வகுப்பில் உட்கார்ந்த பையன்களில் இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சத்யேந்திரநாத் போஸ். மற்றவர் மேகநாத் சாஹா. ஒரே வகுப்பு. 1915-இல் எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். இருவரும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் அதை நூலாக வெளியிட்டது.

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்யேந்திரநாத், ஒளித்துகள்களை எண்ணும் முறையில் ஒரு புதிய வழியைக் கண்டார். அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. கட்டுரையை நேராக ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றினார். முகம் தெரியாத ஒரு மனிதரின் கடிதத்தைப் படித்து, அதன் மதிப்பை உணர்ந்து, தம் கையால் மொழிபெயர்த்த பெருந்தன்மையை நாம் போற்ற வேண்டும். இயற்கையிலுள்ள துகள்களின் இரு பெரும் வகைகளில் ஒன்றுக்கு பால் டிராக் பிற்காலத்தில் போசான் என்று பெயர் வைத்தார். 1995-இல் அமெரிக்காவில் போல்டர் நகரத்து ஆய்வகத்தில் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள் உருவாக்கப்பட்டது. அதற்கு 2001-இல் நோபல் பரிசு வந்தது. சத்யேந்திரநாத் அதைப் பார்க்கவில்லை. 1974-இல் காலமாகிவிட்டார். போசான் என்பதை ஜகதீஷ் சந்திர போஸின் பெயரோடு சேர்த்துச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அது ஆசிரியரின் பெயரல்ல, மாணவரின் பெயர்.

இப்போது சாஹாவைப் பாருங்கள். டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தந்தைக்குச் சிறிய மளிகைக்கடை. பிள்ளைகள் பலர். தொடக்கப் பள்ளி முடிந்ததும் மேகநாதைக் கடையில் உட்கார வைப்பது என்றுதான் வீட்டில் முடிவு. அடுத்த பள்ளி நடந்து போய்வர முடியாத தொலைவில் இருந்தது. அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்ததால் பையன் படிப்பைத் தொடர்ந்தான். 1905-இல் வங்கப் பிரிவினை. ஆளுநர் வருகையை மாணவர்கள் புறக்கணித்தார்கள். அதில் சேர்ந்ததற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். உதவித்தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் படித்து, எப்படியோ 1911-இல் பிரசிடென்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள்.

வகுப்பில் அதே பலகை, அதே ஆசிரியர், அதே தேர்வு. பந்தியில் மட்டும் இடமில்லை. இந்தச் சாஹாதான் 1920-இல் விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் படித்து அவற்றின் வெப்பநிலையையும் பொருளையும் அறிய வழிசெய்யும் அயனியாக்கச் சமன்பாட்டை எழுதினார். வானியலாளர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். போஸ் என்ற பெயரோடு பிறந்தவர் அந்த வாசலுக்குள் நடந்து போனார். சாஹா என்ற பெயரோடு பிறந்தவர் தட்டுத் தடுமாறிப் போனார். எத்தனை சாஹாக்கள் மளிகைக்கடையிலேயே நின்றுவிட்டார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. சத்யேந்திரநாத்தின் மேதைமையை இது ஒரு துளியும் குறைக்கவில்லை. அவருடைய நண்பரின் பாதையை நாம் மறந்தால்தான் குறை.

அதே கல்லூரியில் 1913-இல் இன்னொரு போஸ் சேர்ந்தார். கட்டாக்கிலிருந்து வந்த வழக்கறிஞர் ஜானகிநாத்தின் மகன் சுபாஷ். 1916-இல் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய், 1920-இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்று, அடுத்த ஆண்டே அந்தப் பதவியை விட்டு விலகினார். மீதிக் கதை நீங்கள் அறிந்தது. அதில் பலரும் கவனிக்காத ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன்.

1938 பிப்ரவரி, குஜராத்தில் ஹரிபுரா காங்கிரஸ். தலைவர் சுபாஷ் சந்திர போஸ். அந்த மாநாட்டுப் பந்தலுக்குப் படம் எழுத காந்தியடிகள் அழைத்தது நந்தலால் போஸை. உழவர், தச்சர், நூல் நூற்கும் பெண், மேளம் அடிப்பவர், பால் கறப்பவர் என்று கிராமத்து மக்களையே அவர் பெரிய சுவரொட்டிகளாகத் தீட்டினார். கலைக்கூடத்துக்கு வராத மக்கள் நடந்துபோகும் வழியில் பார்க்கட்டும் என்பது நோக்கம். மேடையில் ஒரு போஸ், பந்தலில் ஒரு போஸ். தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நந்தலாலுடையதுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்த ஓவியங்களும் அவரும் அவருடைய சாந்திநிகேதன் மாணவர்களும் வரைந்தவை.

அதே 1938-இல் காங்கிரஸ் தலைவராக சுபாஷ் தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். அதற்காக அவரை உந்தியவர்களில் முக்கியமானவர் மேகநாத் சாஹா. குழுவின் தலைமை நேருவிடம் சென்றது. சாஹா உறுப்பினர். விடுதிப் பந்தியில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர், நாட்டின் எதிர்காலத் தொழில் திட்டத்தை வகுக்கும் இடத்தில் உட்கார்ந்தார்.

சுபாஷ் பின்னர் தலைமை ஏற்ற இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிப் பேசும்போது ராஷ் பிஹாரி போஸை நாம் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். 1912 டிசம்பர் 23-இல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர். 1915-இல் படைகளில் கிளர்ச்சி எழுப்பும் முயற்சி தோற்றதும், தாகூர் குடும்பத்தவர்போல் பெயரை மாற்றிக்கொண்டு ஜப்பானுக்குக் கப்பலேறினார். பிரிட்டிஷ் அரசு அங்கும் துரத்தியது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நகாமுராயா என்ற அடுமனை நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்து வைத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை 1918-இல் மணந்தார். தோஷிகோ 1925-இலேயே இறந்துபோனார். நகாமுராயாவில் 1927-இல் ராஷ் பிஹாரி அறிமுகப்படுத்திய இந்தியக் கறிச்சோறு இன்றும் அங்கே பரிமாறப்படுகிறது.

இருபத்தெட்டு ஆண்டுகள் அந்நிய மண்ணில் கட்டி வளர்த்த இயக்கத்தை, 1943 ஜூலை 4-இல் சிங்கப்பூரில் தம்மைவிடப் பதினோரு வயது இளையவரான சுபாஷிடம் ஒப்படைத்தார். பதவியைப் பற்றிக்கொண்டு உட்காராமல் எழுந்து இடம்விட்ட தலைவர்கள் நம் வரலாற்றில் அதிகம் இல்லை. 1945 ஜனவரியில் காலமானார், விடுதலையைப் பார்க்கவில்லை. அவருடைய மகன் அதே ஆண்டு ஒகினாவா போரில் இறந்தார். இவரும் சுபாஷும் உறவினர் அல்லர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது பொறுப்பு. குடும்பச் சொத்து அல்ல.

அமெரிக்கா பக்கமும் இரண்டு போஸ்கள் உண்டு. ராஜ் சந்திர போஸ் கணிதர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, டியூஷன் எடுத்துப் படித்தவர். மகலனோபிஸ் அவரை அடையாளம் கண்டு இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அழைத்தார். அந்தக் கழகம் அப்போது இயங்கியது பிரசிடென்சி கல்லூரிக்குள்தான். 1959-இல் அமெரிக்காவில், ஆய்லர் 1782-இல் சொன்ன ஓர் ஊகம் தவறு என்று ஸ்ரீகாண்டே, பார்க்கர் இருவரோடு சேர்ந்து நிறுவினார். அதையொட்டிய காலத்தில் ராய்-சௌதுரியோடு அவர் கண்ட பிழைதிருத்தக் குறியீடு பி.சி.எச். என்று வழங்குகிறது. அதன் முதல் எழுத்து போஸ். டீக்கடை கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்தில் அழுக்குப் படிந்தாலும் கைபேசி அதைப் படிக்கிறதே, அதன் வடிவத் தகவலைக் காப்பது பி.சி.எச். குறியீடு. மற்றவர் ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கிய அமர் போஸ். அவருடைய தந்தை வங்கப் புரட்சியாளர். சிறைக்குப் பின் 1920-இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். அமர் 2011-இல் தம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தாம் படித்த, கற்பித்த எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார்.

இதுவரை நான் சொன்ன போஸ்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் இல்லாமலா போனார்கள்? கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகள் இருவர். பெத்யூன் கல்லூரியில் படித்து 1883-இல் பட்டம் பெற்றார்கள். ஒருவர் சந்திரமுகி பாசு, மற்றவர் காதம்பினி பாசு. இருவருமே போஸ்! இதை எத்தனை புத்தகங்கள் சொல்கின்றன? சந்திரமுகி கிறித்தவக் குடும்பத்துப் பெண். எம்.ஏ. முடித்து, படித்த கல்லூரிக்கே முதல்வரானார். காதம்பினி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் போராடி இடம்பெற்று மருத்துவரானார். துவாரகாநாத் கங்குலியை மணந்ததால் வரலாறு அவரைக் காதம்பினி கங்குலி என்று எழுதியது. போஸ் பட்டியலிலிருந்து அவர் பெயர் உதிர்ந்தது. மறுபக்கம், அபலா தாஸ் என்ற பெண் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடல்நலம் கெட்டுப் பாதியில் திரும்பினார். ஜகதீஷ் சந்திர போஸை மணந்து அபலா போஸ் ஆனார். வங்காளத்தில் பெண் கல்விக்காகவும் விதவைகளுக்காகவும் நாரி சிக்ஷா சமிதியை அமைத்து நெடுங்காலம் உழைத்தார். பெண்ணுக்குக் குடும்பப்பெயர் திருமணத்தில் வருகிறது, திருமணத்தில் போகிறது. பெயரை வைத்துப் பெருமை பேசினால் பெண்கள் தவறிவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அபலா படிக்க வந்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1938-இல் லட்சுமி சுவாமிநாதன் பட்டம் பெற்றார். சிங்கப்பூர் போய், நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால்வெட்டிய கைகள் அவை. கங்காணியின் அதட்டலுக்கு நடுவே வளர்ந்தவர்கள், இந்திய மண்ணைப் பார்க்காதவர்கள், அந்த மண்ணுக்காகப் புறப்பட்டார்கள்.

போஸ் என்ற பெயர் தமிழ் மண்ணில் இறங்கியது இந்த வழியாகத்தான். 1939 செப்டம்பரில் சுபாஷ் சென்னைக் கடற்கரையில் பேசினார். மதுரைக்கு முத்துராமலிங்கத் தேவர் அவரை அழைத்து வந்தார். போர் முடிந்து இந்திய தேசிய ராணுவத்தினர் ஊர் திரும்பினார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சந்திரபோஸ், சுபாஷ், வெறும் போஸ் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். வங்காளத்தில் போஸ் என்பது பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளும் பெயர். அதைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும். நம் ஊரில் அது அப்பாவும் அம்மாவும் விரும்பித் தேர்ந்து வைத்த பெயர். நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. அப்படிப் பட்டத்தைக் களைந்த ஒரு சமூகம், வேறொரு மாநிலத்தின் சாதிப்பெயரை எடுத்து அதிலிருந்த சாதியை நீக்கி, ஒரு மனிதனின் தியாகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. எந்தச் சாதிக்காரரும் மகனுக்கு அதை வைத்தார். போஸின் மகனுக்கு அது "போ." என்று முதலெழுத்தானது. ஒரு குடும்பப்பெயருக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடைக்க முடியாது என்பது என் தீர்ப்பு.

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், விடுதிக் காப்பாளர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் போஸ் என்று ஒரு பையன் இருந்தால், நேதாஜியோடு நிறுத்தாமல் சத்யேந்திரநாத்தையும் நந்தலாலையும் ராஷ் பிஹாரியையும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சந்திரமுகியையும் காதம்பினியையும் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மேகநாத் சாஹாவைச் சொல்லுங்கள். வசதியுள்ளவர்களுக்கு இன்னொன்று: பள்ளி தொலைவில் இருக்கிறது என்பதற்காகக் கடையிலோ பட்டறையிலோ நிற்கப் போகும் பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கும். அனந்த குமார் தாஸ் செய்ததுபோல் அந்தப் பிள்ளைக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பந்தியிலேயே உட்கார வைத்துப் போடுங்கள்.